பழனி பாதயாத்திரை: முதல்முறை நடப்பவர்களுக்கு

பழனிக்கு நடந்து போவது மலையேற்றம் அல்ல. கடைசிப் படிக்கட்டுகளை விட்டால் வழி முழுக்கத் தார்ச்சாலை. பெரும்பாலும் சமதளம். தைப்பூச நாட்களில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமே இல்லை. இருந்தும் பாதி வழியில் பஸ் ஏறுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கத்தான் செய்கிறார்கள். மூச்சு வாங்கித் திரும்புகிறவர்கள் அவர்களில் குறைவு. உள்ளங்காலில் கொப்புளம், தொடையிடுக்கில் புண், வெயில் மயக்கம், இரண்டு இரவு சரியாகத் தூங்காதது ஆகியவைதான் ஆளைச் சாய்க்கின்றன. ஆகவே தோலையும் வெயிலையும் தூக்கத்தையும் மனதில் வைத்துத் திட்டம் போட வேண்டும். கால் வலு தானாக வந்துவிடும்.

தூரத்தை விட்டு மணிக்கணக்கைப் பாருங்கள்

தைப்பூசம் பெரும்பாலும் ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரி முற்பகுதியிலோ வரும். அந்த நாட்களில் விடியக் காலை ஆறரை தாண்டிவிடும். பத்து மணிக்குத் தார் சுட ஆரம்பிக்கும். மாலை ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். எனவே நடக்க உகந்த நேரம் இரண்டு துண்டுதான்: காலை 4.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 7 வரை. மொத்தம் எட்டு மணி நேரம்.

வெறுங்கையோடு காலையில் நடந்தால் மணிக்கு நாலரை கிலோமீட்டர் போகலாம். அதை எட்டால் பெருக்கி 36 என்று எழுதிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உட்கார்வது, சிறுநீர் கழிப்பது, தண்ணீர் குடிப்பது, பின்தங்கியவருக்காக நிற்பது எல்லாம் சேர்ந்தால் சராசரி மூன்று கிலோமீட்டருக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு 22 முதல் 25 கிலோமீட்டர் என்பதே முதல்முறை நடப்பவருக்குச் சரியான அளவு. முதல் நாள் அதிலும் குறைத்து 18-ல் நிறுத்துங்கள். முதல் நாள் உற்சாகத்தில் 35 போய்விட்டு, மறுநாள் மண்டபத்தில் காலை நீட்டியபடி உட்கார்ந்திருப்பவர்களை வழியெங்கும் பார்க்கலாம். ஒரே நாளில் 40 கிலோமீட்டர் நடக்கும் குழுக்களும் உண்டு. அவர்கள் பல வருடமாக நடக்கிறவர்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளாதீர்கள்.

இனி எங்கிருந்து கிளம்புவது என்பது. திண்டுக்கல்லில் தொடங்கினால் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர், மூன்று நாள். மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர், ஆறு நாள். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் பழைய பாதை குன்றக்குடி, சிங்கம்புணரி, சமுத்திராபட்டி, நத்தம், திண்டுக்கல் என்று வரும். புதியவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மேற்கே உடுமலையிலிருந்து மடத்துக்குளம் வழியாகவும், வடக்கே தாராபுரத்திலிருந்தும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். நடந்தே பழக்கமில்லாதவர் இந்தக் குறுகிய வழிகளில் ஒன்றை எடுத்து, இரண்டு நாளில் நிதானமாக முடிப்பது நல்லது. வேண்டுதல் வீட்டு வாசலிலிருந்து நடப்பது என்றிருந்தால் நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாளொன்றின் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

பங்குனி உத்திரத்துக்கும் கூட்டம் நடக்கிறது. கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியாகக் கொண்டுவரும் கொங்குப் பகுதி வழக்கம் அந்தக் காலத்துக்கு உரியது. ஆனால் மார்ச், ஏப்ரல் வெயில் வேறு. காலை எட்டரைக்கே ஒதுங்க வேண்டியிருக்கும், நாள் தூரம் 18-க்கு மேல் கூடாது. முதல் யாத்திரைக்குத் தை மாதமே ஏற்றது.

பூசத்தன்றே போய்ச் சேர வேண்டும் என்ற நேர்த்திக்கடன் இல்லாதவர்கள், மூன்று நான்கு நாள் முன்போ பின்போ சேரும்படி கிளம்பலாம். வழியில் அன்னதானப் பந்தல் குறைவாக இருக்கும். ஆனால் படுக்க இடம் கிடைக்கும், கழிப்பறைக்கு வரிசை இருக்காது, சாமியையும் நின்று பார்க்கலாம்.

குழுவில் சேரும் முன் கேட்க வேண்டியவை

தனியாக நடப்பதைவிடப் பழகிய குருசாமி ஒருவரின் குழுவில் போவது நல்லது. ஆனால் குழுவுக்குக் குழு நடை வேறு. மாலை போடுவதற்கு முன்பே நாலு விஷயம் கேளுங்கள். தினம் எத்தனை கிலோமீட்டர், எங்கெங்கே தங்கல்? மூட்டைகளுக்கு டெம்போ வருமா, அது குழுவோடு வருமா அல்லது அடுத்த தங்கலில் போய் நிற்குமா? எல்லோருக்கும் பின்னால் வருகிற கடைசி ஆள் என்று ஒருவரை நியமிப்பார்களா? முடியாமல் போனவரை யார் கூட்டிப்போவது? கடைசி இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் இல்லாத குழுவை விட்டுவிடுங்கள்.

டெம்போ வந்தாலும் தண்ணீர், மருந்து, டார்ச், கைபேசி, கொஞ்சம் பணம் உங்கள் தோளிலேயே இருக்கட்டும். அவசரம் வரும்போது வண்டி எட்டு கிலோமீட்டர் முன்னால் நின்றுகொண்டிருக்கும்.

பயிற்சி

குறைந்தது ஆறு வாரம். ஒரு மண்டலம் விரதம் இருப்பவர்களுக்கு 48 நாள் இருக்கிறது, அதுவே போதும். வாரத்தில் மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர். ஞாயிறுதோறும் நீள நடை: 8, 10, 12, 15 என்று ஏற்றிக்கொண்டு போங்கள். ஐந்தாவது வாரத்தில் சனி 15, ஞாயிறு 15 என்று அடுத்தடுத்து நடந்து பாருங்கள். ஒரு நாள் 20 நடப்பதைவிட இந்த இரண்டாம் நாள் 15 அதிகம் சொல்லிக்கொடுக்கும். காலணி எங்கே கடிக்கிறது, பை எங்கே உரசுகிறது, இரவு கால் எவ்வளவு வீங்குகிறது எல்லாம் அப்போதுதான் தெரியும். கடைசி ஐந்து நாள் நீள நடை வேண்டாம்.

பயிற்சியைத் தார்ச்சாலையிலேயே செய்யுங்கள். பூங்காவின் மண் பாதையில் பழகிய கால், தாரின் கெட்டித்தனத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலியெடுக்கும். யாத்திரையில் போடப்போகிற அதே காலணி, அதே பை, அதே வேட்டி அல்லது சுடிதார். ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதக்காரர்கள் நீள நடை நாட்களில் பழம், பால், கஞ்சி என்று ஏதாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் 15 கிலோமீட்டர் பயிற்சி செய்வதால் பலன் இல்லை.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் நாள் தூரத்தைச் சொல்லி மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நடந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும். வழக்கமான அளவு இன்சுலின் அன்றைக்கு அதிகமாகிவிடலாம். சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இல்லாமல் அவர்கள் நடக்கக் கூடாது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே வேண்டாம். கண்ணாடிச் சில்லு ஏறியது கூடத் தெரியாது.

வெறுங்காலா, செருப்பா, ஷூவா

வெறுங்கால் என்று வேண்டிக்கொண்டவருக்கு மாற்றுச் சொல்ல இடமில்லை. அப்படி வேண்டாதவர், மற்றவர்கள் போடவில்லையே என்று கழற்றிவிடாதீர்கள். முன்பின் பழக்கமில்லாத பாதம் தாரில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்கூடத் தாங்காமல் போகலாம்.

வெறுங்காலுக்குப் பழக்கம் தனியாக வேண்டும். முதல் வாரம் அதிகாலையில் 15 நிமிடம், வாரத்துக்கு 10 நிமிடம் கூட்டுங்கள். குதிகால் வெடிப்பு இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். வெடிப்புக்குள் மணல் போனால் இரண்டாம் நாள் இரத்தம் வரும். தேங்காயெண்ணெய் இரவில் தடவலாம். நடக்கும் முன் தடவினால் தோல் மெத்தென்றாகிச் சீக்கிரம் உரியும், தூசியும் ஒட்டும். வெயில் ஏறிய பிறகு தாரைவிட ஓரத்து வெள்ளைக் கோடு சூடு குறைவு. அதனால்தான் எல்லோரும் அந்தக் கோட்டிலேயே வரிசையாகப் போகிறார்கள். அந்தக் கோடு வண்டி வரும் இடம் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். மண் ஓரத்தில் இறங்கினால் சீமைக்கருவேல முள். டார்ச் இல்லாமல் இருட்டில் இறங்காதீர்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசி முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் ஹவாய் செருப்பு வேண்டாம். அது கழன்று போகாமலிருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடிக்கின்றன. மாலைக்குள் கெண்டைக்கால் இழுக்கும், வார் விரலிடுக்கை அறுக்கும். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள சாண்டல் நல்லது. கோவிலிலும் பந்தலிலும் கழற்றி மாட்டவும் எளிது. ஷூ போடுகிறவர்கள் வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள். நீள நடையில் பாதம் வீங்கும்; பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் நகம் கறுத்துப்போகும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்குங்கள். அதில் 80 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். புது ஷூவோடு யாத்திரை கிளம்புவதைவிடப் பழைய தேய்ந்த ஷூ எவ்வளவோ மேல். நகத்தை நேராக, கிளம்புவதற்கு மூன்று நான்கு நாள் முன்பு வெட்டிக்கொள்ளுங்கள்.

பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். பாலியஸ்டர் கலந்த மெல்லிய விளையாட்டுக் காலுறை மூன்று ஜோடி எடுங்கள். ஒன்று காலில், ஒன்று பையின் மேல் ஊக்கில் காய்ந்துகொண்டு, ஒன்று உள்ளே. காலை நடையின் நடுவில் ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள்.

கொப்புளம்

இது எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி தடுத்துவிடலாம். ஈரத்தில் ஊறிய தோல், சூடு, ஒரே இடத்தில் உரசல் ஆகிய மூன்றும் சேர வேண்டும். முதலில் அந்த இடம் சுடும். சுடத் தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் உட்கார வேண்டும். அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் அந்தப் பந்தல் வருவதற்குள் தோல் பிரிந்து நீர் கோத்திருக்கும். உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்து, இரண்டு நிமிடம் காற்றாட விட்டு, சுடும் இடத்தின் மேல் மைக்ரோபோர் என்ற மருத்துவ ஒட்டு டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஓரங்களை வட்டமாக வெட்டினால் காலுறையில் சுருண்டு வராது. பயிற்சியிலேயே எந்த இடம் சுடும் என்று தெரிந்திருந்தால், கிளம்பும் நாள் காலையிலேயே காய்ந்த காலில் ஒட்டிவிடுங்கள்.

சிறிய, வலிக்காத கொப்புளத்தை உடைக்காதீர்கள். மேல்தோல்தான் சிறந்த கட்டு. மிதிக்க முடியாத அளவு பெரிதானால்: சோப்பால் கையும் பாதமும் கழுவி, புது ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, கொப்புளத்தின் அடிவிளிம்பில் இரண்டு சிறு துளை போட்டு, பஞ்சால் மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்கக் கூடாது. போவிடோன் அயோடின் களிம்பு, காஸ் துணி, மேலே டேப். ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டுவிடும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. நீர் வடியும் என்பது உண்மை. அந்த நூல் வழியே சாலைத் தூசியும் கிருமியும் உள்ளே போகும் என்பதும் உண்மை. வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் எதையும் குத்தாமல் வழியிலுள்ள மருத்துவ முகாமில் காட்டுங்கள்.

மாலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைப்பது இதமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் போதும். அரைமணி ஊறினால் தோல் நைந்து மறுநாள் கொப்புளத்துக்குத் தயாராகிவிடும். நடக்கும் முன் ஒருபோதும் கூடாது. அதிகாலைக் குளியல் முடித்தவர்கள் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொப்புளத்தைவிட வெளியே சொல்லக் கூச்சப்படும் தொல்லை தொடை உரசல். ஈர வேட்டியோடு நடப்பதே முக்கால்வாசிக் காரணம். குளித்தால் காய்ந்த வேட்டி மாற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். உள்ளே தொடை வரை நீண்ட, இறுக்கமான உள்ளாடை போடுங்கள். கிளம்பும் முன்பும் நண்பகலிலும் வாசலின் தடவுங்கள். புண் வந்த பிறகு பவுடர் கொட்டினால் வியர்வையில் அது மணலாகி அறுக்கும்.

மூட்டை

டெம்போ உள்ள குழு என்றால் தோளில் இரண்டு கிலோ. இல்லையென்றால் தண்ணீரோடு சேர்த்து ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. ஜோல்னாப் பை ஒரு தோளையே இழுத்து முதுகைக் கோணலாக்கும். இரண்டு தோள் வாரும் இடுப்பு வாரும் உள்ள 20 லிட்டர் பை எடுங்கள்.

உள்ளே: மாற்று வேட்டி அல்லது சுடிதார் இரண்டு, ஈரிழைத் துண்டு இரண்டு (தடித்த டவல் காயாது), மெல்லிய போர்வை ஒன்று, ஆறடிக்கு மூன்றடி தார்ப்பாய் ஒன்று. தையில் விடியற்காலைப் பனி இறங்கும். குல்லா ஒன்று அவசியம். பகலுக்குத் தொப்பி. தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். மூன்று மீட்டர் கொடிக்கயிறு, ஆறேழு ஊக்கு. ஒரு சில்வர் டம்ளர் இருந்தால் பந்தலுக்குப் பந்தல் பிளாஸ்டிக் கோப்பை வாங்கி வீச வேண்டியதில்லை. சோப்புத் துண்டு. சில்லறையாகப் பணம், இரண்டு இடத்தில் பிரித்து. ஆதார் நகலின் பின்புறம் வீட்டு எண், குழுத் தலைவர் எண், இரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி பாலித்தீன் உறையில் போடுங்கள். கைபேசி தொலைந்தாலோ பூட்டிக் கிடந்தாலோ அந்தக் காகிதம்தான் பேசும்.

மருந்து: மைக்ரோபோர் டேப் ஒரு சுருள், காஸ், சின்னக் கத்தரி, ஊசி, ஸ்பிரிட் பஞ்சு, போவிடோன் அயோடின், கிரேப் பேண்டேஜ் ஒன்று, பாராசிட்டமால் பத்து, ஓஆர்எஸ் ஆறு பொட்டலம், வாசலின், வழக்கமான மாத்திரைகள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நடப்பது பரவலான பழக்கம். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலியை மறைப்பதால் காயம் பெரிதாவதும் தெரியாது.

ஜீன்ஸ், இரண்டாவது போர்வை, பெரிய ஷாம்பூ, வீட்டிலிருந்து கட்டிய முறுக்கு டப்பா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பால்குடத்துக்குப் பாலை வழி முழுக்கச் சுமக்காதீர்கள், திரிந்துவிடும், அடிவாரத்தில் வாங்கிக்கொள்ளலாம். காவடி சுமப்பவர்கள் தண்டுக்கு அடியில் நான்காக மடித்த துண்டு வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோள் மாற்றுங்கள். வலித்த பிறகு மாற்றினால் இரண்டு தோளும் போய்விடும்.

தண்ணீரும் சாப்பாடும்

வெயிலில் மணிக்கு அரை லிட்டர், விடியற்காலையில் அதில் பாதி. கையில் ஒரு லிட்டர் எப்போதும் இருக்கட்டும். நாலைந்து லிட்டர் வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டு உப்பே சேராமல் நடந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் குடித்தால் ஆபத்து முற்றும். எனவே தினம் இரண்டு மூன்று முறை மோரோ, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ, ஓஆர்எஸ்ஸோ குடியுங்கள். ஓஆர்எஸ் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்.

பெண்கள் பலர் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் வருவதற்கு அது நேர்வழி. பெட்ரோல் பங்க், பள்ளி, திருமண மண்டபம் எங்கே வருகிறது என்று முந்தின இரவே வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாவது கிடைத்துவிடும். நாப்கின் கையிருப்பில் இருக்கட்டும். நாள் கணக்கு நடையில் தள்ளிப்போகலாம், முந்தியும் வரலாம்.

அன்னதானத்தில் பசி என்ற பிரச்சினை இல்லை. அதிகம் தின்பதுதான் பிரச்சினை. கொடுப்பதை மறுக்கக் கூடாது என்று ஒவ்வொரு பந்தலிலும் வாங்கினால் வயிறு கெடும். காலை நடையின்போது இட்லி இரண்டு, வாழைப்பழம் என்று சிறிதாக. நிறைந்த சாப்பாடு, நடை முடித்து ஒதுங்கிய பிறகு. ஆவி பறக்கும் பொங்கலைத் தைரியமாக வாங்குங்கள். மதியம் இரண்டு மணிக்கு அண்டாவில் மிஞ்சியிருக்கும் தயிர்சாதத்தைத் தாண்டிப் போங்கள். ஐஸ் போட்ட சர்பத்தும் வேண்டாம், அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

சாலை

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து இதுதான்: பின்னாலிருந்து வரும் வண்டி. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரத்தில் நடப்பது அடிப்படை விதி. போலீஸார் ஓர் இடத்தில் வேறு பக்கம் ஒழுங்குபடுத்தியிருந்தால் அங்கே அவர்கள் சொல்வதுதான் விதி. திண்டுக்கல் - பழனி சாலையில் பாதயாத்திரை செல்வோருக்கென்றே கல் பதித்த நடைபாதை பல இடங்களில் உண்டு. உடைந்தோ மண் மூடியோ இருக்கும் இடங்களைத் தவிர அதை விட்டு இறங்காதீர்கள்.

பச்சை, காவி வேட்டிகள் முகப்பு விளக்கில் சரியாகத் தெரியாது. முதுகுப் பையிலும் இரண்டு கைகளிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அல்லது குறுக்கே ஒளிரும் பட்டை போடுங்கள். குழுவின் கடைசி ஆளிடம் மின்னும் சிவப்பு விளக்கு. இருட்டில் ஒருவர் பின் ஒருவராக மட்டும் நடக்க வேண்டும். காதில் ஹெட்போன் கூடாது. பாட்டுப் போடும் வண்டிக்கு அருகிலும் நடக்காதீர்கள், அந்தச் சத்தத்தில் ஹாரன் கேட்காது. இரவு எட்டுக்கு மேல் விடியற்காலை நான்கு வரை சாலையில் இருக்கவே வேண்டாம். ஓட்டுநர் கண்ணயரும் நேரம் அது. ஒட்டன்சத்திரத்தில் பெரிய காய்கறிச் சந்தை இருப்பதால் அந்தப் பகுதியில் லாரி நடமாட்டம் அதிகம். அந்த ஊரைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். அசதியில் சாலை ஓரத்திலோ, நிற்கும் லாரிக்குக் கீழோ, சென்டர் மீடியனிலோ படுப்பது உயிரோடு விளையாடுவது.

மழைநீர் வடிய சாலையின் ஓரம் சற்றுச் சரிவாகப் போட்டிருப்பார்கள். ஒரே சரிவில் நாளெல்லாம் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுந்து, முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கும். நடைபாதையோ சர்வீஸ் ரோடோ கிடைத்த இடத்தில் சமமான தரையில் நடப்பதே இதற்கு மருந்து.

இரவுத் தங்கல்

கோவில் மண்டபம், பள்ளி, திருமண மண்டபம், சத்திரம் என்று இடம் நிறைய உண்டு. பூசத்துக்கு முந்தைய மூன்று நாளில் மாலை ஏழுக்கே நிரம்பிவிடும். குழுவில் நன்றாக நடக்கும் இருவரை மதியமே முன்னால் அனுப்பித் தார்ப்பாயை விரித்து இடம் பிடிக்கச் சொல்லுங்கள். சேர்ந்தவுடன் படுத்துவிடாமல் வரிசையாகச் சில வேலை: கால் கழுவித் துடைப்பது, டேப் எடுத்துப் பாதத்தைப் பார்ப்பது, காலுறை அலசிக் கொடியில் போடுவது, சுவரில் காலைத் தூக்கி வைத்துப் பதினைந்து நிமிடம் படுப்பது, பிறகு சாப்பாடு. ஒன்பதுக்குத் தூக்கம். மைக் செட் சத்தத்துக்குக் காதில் பஞ்சு. பகலில் ஒதுங்கும் நேரத்திலும் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். அரட்டையில் கழித்த மதியம் மறுநாள் காலில் தெரியும்.

எப்போது நிறுத்த வேண்டும்

கணுக்காலுக்கு மேல் இரண்டு காலிலும் சிவந்த தடிப்பு வந்தால் பெரும்பாலும் வெயிலும் நீள நடையும் சேர்ந்த விளைவு. குளிர்ந்த நீரும் ஓய்வும் போதும். ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி வலித்தால் நடக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. உடல் கொதித்து, பேச்சு குழறி, தடுமாறினால் அது வெப்பத்தாக்கு: நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-க்கு அழையுங்கள். நெஞ்சுவலிக்கும் 108தான். வாயுக்கோளாறு என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள்.

பழனியில்

கடைசி நாள் தூரத்தை முடிந்தவரை குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். நடந்து முடித்த பிறகுதான் வரிசை இருக்கிறது. மணிக்கணக்கில் நிற்பது நடப்பதைவிடக் காலை அதிகம் வீங்க வைக்கும். சண்முக நதியில் நீராடுகிறவர்கள் பாதத்தில் திறந்த புண் இருந்தால் அதை நனைக்காதீர்கள். மலைக்கோவிலுக்குள் கைபேசியும் கேமராவும் 2023 அக்டோபர் முதல் அனுமதியில்லை. அடிவாரத்தில் ஒப்படைக்க இடம் உண்டு. குழுவினர் பிரிந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்று கைபேசியைக் கொடுக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது.

மேலே 693 படிகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் நடந்து களைத்த முழங்காலுக்குச் சோதனை. சரிவு மெதுவாக இருக்கும் யானைப் பாதையில் இறங்குங்கள். வின்ச் என்ற இழுவை ரயிலுக்கும் ரோப் காருக்கும் விழா நாட்களில் வரிசை நீளம். ரோப் கார் பராமரிப்புக்காகவும் காற்று பலமாக வீசும்போதும் நிற்கும். அதை நம்பியே திட்டம் போடாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் பூசத்தன்று மாலை உட்கார இடம் கிடைப்பது அரிது. முடிந்தால் மறுநாள் காலைக்கு ரயிலோ பஸ்ஸோ முன்பதிவு செய்துவிட்டு ஓர் இரவு தங்குங்கள். நீள நடைக்குப் பின் கால் தொங்கியபடி ஐந்தாறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் வீக்கம் கூடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், இருக்கையிலேயே கணுக்காலை ஆட்டிக்கொண்டிருங்கள். ஷூ போட்டு நடந்தவர்கள் பஸ்ஸுக்கு ஒரு தளர்வான செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று மாலை அந்த ஷூ காலுக்குள் போகாது.